பசி ஒழிந்த அரண்மனை

கொற்றையூர் அரசர் வீரமுடியாருக்குப் புகழ்ச்சி என்றால் பாயசம் மாதிரி. போதும் என்று சொல்லவே மாட்டார். அலுக்காமல் ஊற்றுகிறவர் கருவூல அமைச்சர் ஆவுடைநாதர்.

ஏழைக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் அரண்மனை வாசலில் பணம் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். அதில் ஆவுடைநாதர் ஒரு புது விதியைப் புகுத்தினார். பணம் வேண்டுவோர் ஏரியில் தூர் வார வேண்டும். வேலைக்கு வந்ததற்கு அடையாளமாகக் காலையில் உள்ளங்கையில் காவி முத்திரை குத்துவார்கள். மாலையில் அதைக் காட்டினால்தான் பணம். நாளெல்லாம் சேறு அள்ளிய கையில் காவி எங்கே நிற்கும்?

வாசலில் கூட்டம் கரைந்தது.

"அரசே, வறுமை ஒழிந்தது! வாங்க ஆளே இல்லை. இனி இந்த உதவியையே நிறுத்திவிடலாம்" என்றார் அமைச்சர். அரசர் பூரித்துப்போனார். மறுநாளே அமைச்சருக்கு விருந்து என்று அறிவித்தார்.

அவையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன மருதாசலத்துக்கு இது பொறுக்கவில்லை. புருஷனை இழந்த வெள்ளையம்மாள், மூன்று பிள்ளைகளோடு வந்து, வெறுங்கையைக் காட்டிவிட்டு அழுதுகொண்டே திரும்பியதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். உதவி நின்றால் அந்தப் பிள்ளைகளின் கதி?

"விருந்துப் பொறுப்பு அடியேனுடையது, அரசே" என்றார்.

மறுநாள் விருந்துக்கு வந்த ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் காவி முத்திரை குத்தினார்.

"எதற்கய்யா இது?"

"பசியோடு வந்ததற்கு அடையாளம்."

எல்லாரும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்கள், அரசர் உட்பட. முற்றத்தில் பணியாளர்கள் செம்பில் தண்ணீரோடு நின்றார்கள். கை கழுவாமல் யார் இலைமுன் உட்காருவார்கள்? நன்றாகத் தேய்த்துக் கழுவினார்கள். கூடத்து வாசலில் காவலர்கள் மறித்தார்கள்.

"முத்திரை?"

"இப்போதுதானே கழுவினேன்!"

"முத்திரை இல்லையா, பசி இல்லை. போய் வாருங்கள்."

தளபதி திரும்பினார். புரோகிதர் முனகிக்கொண்டே திரும்பினார். "விருந்தே எனக்குத்தானய்யா!" என்று குதித்த ஆவுடைநாதருக்கும் அதே பதில்தான். கடைசியாக வந்த அரசரையும் காவலர்கள் நடுங்கிக்கொண்டே மறித்தார்கள். உள்ளிருந்து நெய் மணம் மூக்கைத் துளைத்தது.

"மருதாசலம்! என்ன கூத்து இது? பசியில் உயிர் போகிறது!"

மருதாசலம் பணிவாகக் கும்பிட்டார். "பசியா? சாப்பிட ஒருவர்கூட உள்ளே வரவில்லையே! அரண்மனையில் பசியே ஒழிந்தது என்று நினைத்தேன். நாளை முதல் அடுப்பை அணைத்துவிடலாம் என்றுகூடச் சொல்லிவிட்டேன், அரசே!"

அரசர் தம் வெறும் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு ஆவுடைநாதரைப் பார்த்தார். அவர் தலையைத் தொங்கப்போட்டார். அரசருக்கு முதலில் வெட்கம் வந்தது, அப்புறம் வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது.

"முத்திரை இன்றோடு ஒழிந்தது! திரும்பிப்போன குடும்பங்களுக்கெல்லாம் விட்டுப்போனதையும் சேர்த்துக் கொடுங்கள். மருதாசலம், உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"முதலில் சோறு, அரசே. அவசரத்தில் அடியேனும் கை கழுவித் தொலைத்துவிட்டேன்!"