கலிங்கு காத்த கூழைக்கடா

காட்டின் நடுவே ஓர் ஏரி. அதில் மீன்கள் நிறைய, அவற்றைத் தின்னும் பறவைகள் அதைவிட நிறைய. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடக் கரையில் ஒரு கலிங்கு இருந்தது. மழை பெய்தால் காட்டு ஓடை முள்ளையும் சருகையும் அடித்துக்கொண்டு வந்து அந்தக் கலிங்கை அடைத்துவிடும். யாராவது உடனே குதித்து அதை இழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் கரை உடையும். கரை போனால் ஏரியும் போச்சு.

அந்த 'யாராவது' எப்போதும் துழாவி என்ற நீர்நாய்தான்.

மேகம் கறுத்துவிட்டால் துழாவி கலிங்கை விட்டு நகரக் கூடாது. ஏரித் தலைவரான கூழைக்கடா அலகை 'டப் டப்' என்று தட்டினால், வாயில் இருக்கும் மீனைத் துப்பிவிட்டு ஓடி வர வேண்டும். அதற்குக் கூலியாகப் பறவைகள் தினமும் ஒரு பங்கு மீன் கொடுத்து வந்தன.

ஓர் ஐப்பசியில் மேகம் கறுத்தது. கறுத்தபடியே நின்றது. மழை மட்டும் வரவில்லை.

நீர்க்காகத்துக்குப் பொறுக்கவில்லை. “தலைவரே! நான் முங்கி முங்கி மூச்சு முட்டி மீன் பிடிக்கிறேன். துழாவி அக்கா கல்லின் மேல் மல்லாந்து கிடக்கிறாள். அதற்கு ஒரு பங்கா?”

கூழைக்கடா தொண்டைப் பையை ஆட்டி யோசித்தது. கெட்ட மனசில்லை அதற்கு. வயிறு நிறைந்தவர்களுக்கு வரும் மறதி மட்டும் கொஞ்சம் உண்டு.

“நியாயமான கேள்வி! இனிமேல் குதித்த நாளுக்கு மீன். குதிக்காத நாள் ஓய்வு. ஓய்வுக்கு ஏது கூலி?”

துழாவி எழுந்து உட்கார்ந்தது. “அப்படியானால் அந்த ஓய்வு என்னுடையதுதானே, தலைவரே?”

“பின்னே? உன்னுடையதை யார் பிடுங்கப் போகிறார்கள்!”

“சரி. நாளைக்கு என் குட்டியைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய் வருகிறேன்.”

“ஐயையோ! ஆறு குன்றுக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது! மழை வந்துவிட்டால்?”

“வராவிட்டால்?”

“வந்துவிட்டால்?”

“அப்போது இந்த ஓய்வு யாருடையது, தலைவரே?”

கரையோரத்தில் ஒரு தவளை 'களுக்'கென்று சிரித்தது.

துழாவிக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு ஒரே குட்டி; பெயர் சுழி. கோடையில் ஏரி வற்றும். அப்போது நீர்நாய்கள் ஆற்றின் வற்றாத மடுக்களுக்குப் போனால்தான் பிழைக்கும். அங்கே போக, ஓட்டத்தை எதிர்த்து நீந்தத் தெரிய வேண்டும். சுழிக்கோ ஓடுகிற தண்ணீர் என்றாலே நடுக்கம். ஆற்றில் நல்ல ஓட்டம் இருப்பது இந்த மேகக் காலத்தில்தான். கலிங்கைக் காக்க வேண்டியதும் இதே மேகக் காலத்தில்தான்.

அன்று கூட்டத்தில் ஒரு விருந்தாளியும் இருந்தது. குளிருக்குத் தப்பி ஐரோப்பாவிலிருந்து பறந்து வந்த செங்கால் நாரை. அது தொண்டையைச் செருமியது.

“அங்கே ஒரு வீட்டுப் புகைபோக்கி மேல்தான் என் கூடு. அந்த வீட்டுக்காரருக்குத் தீயணைக்கும் வேலை. வீட்டில்தான் இருப்பார். ஆனால் கூப்பிட்டதும் ஓட வேண்டும். பிள்ளையைக் கடைத்தெருவுக்குக்கூடக் கூட்டிப் போக மாட்டார். இது வேலையா, ஓய்வா என்று அந்த ஊர் மனிதர்கள் நீதிமன்றம் வரை போனார்கள்.”

“தீர்ப்பு என்ன?” என்று கேட்டது துழாவி.

“ஆளை இறுக்கிக் கட்டிப்போட்டால் அது வேலை நேரம்தான் என்றார்கள். எவ்வளவு இறுக்கினால் இறுக்கம் என்று இன்னும் சண்டை ஓயவில்லை.”

“குளிர் தேசத்துச் சட்டம் நம்ம வெயிலில் உருகிவிடும், ஐயா!” என்றது நீர்க்காகம். எல்லோரும் சிரித்தார்கள். நாரை ஒற்றைக் காலை மடக்கிக்கொண்டு நின்றது.

கூழைக்கடாவுக்கு மட்டும் துழாவியின் கேள்வி முள்ளாகத் தைத்தது. “போ! குட்டிக்கு நீந்த வரும்வரை ஆற்றிலேயே இரு! கலிங்கை நான் பார்த்துக்கொள்கிறேன். என் அலகில் ஒரு புதரே அடங்கும். சும்மா உட்காருவதா பெரிய வேலை? பிறந்ததிலிருந்து அதைத்தானே செய்கிறேன்!”

துழாவி சுழியைக் கவ்விக்கொண்டு குன்றேறியது.

முதல் நாள் காலை கூழைக்கடாவுக்குச் சுகமாகவே இருந்தது. கல்லில் அமர்ந்து இறகு கோதியது. உச்சிப்பொழுதில் மேக இடுக்கில் வெயில் அடித்து, சூடான காற்று மேலே எழும்பியது. கூழைக்கடாக் கூட்டம் வட்டமிட்டு உயர்ந்து, பக்கத்து ஏரிக்குக் கிளம்பியது.

“வாருங்கள் தலைவரே! அங்கே கெண்டை துள்ளுகிறதாம்!”

கூழைக்கடா சிறகை விரித்தது. மேகத்தைப் பார்த்தது. மடக்கிக்கொண்டது.

பசித்தது. கலிங்கோரம் பொடி மீன்தான். நடு ஏரிக்கு நீந்தியது. பாதி வழியில் இடி முழங்கியது. அலறியடித்துக்கொண்டு திரும்பி வந்தது. ஒரு தூறல்கூட விழவில்லை.

தூங்கலாம் என்று அலகை இறகுக்குள் செருகியது. 'சளப்!' துள்ளி எழுந்தது.

“யாரது?”

“நான்தான் தவளை. குதிக்கக்கூட உங்களிடம் உத்தரவு வாங்க வேண்டுமா?”

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். கூட்டுக்கு ஒரு குச்சி கொண்டுவரச் சொன்ன மனைவியிடம் எரிந்து விழுந்தது. பிறகு அதை நினைத்து வருந்தியது. காற்று அசைந்தால் மழையோ என்று பார்த்தது. காற்று நின்றாலும் மழையோ என்று பார்த்தது.

நீர்க்காகம் பக்கத்தில் வந்து இறகு உலர்த்தியது. “நல்ல ஓய்வு போலிருக்கிறதே, தலைவரே!”

“ஓய்வா? இந்தச் சிறகு என்னுடையதுதானா என்று பார்த்துச் சொல்லடா!” என்று கத்தியது கூழைக்கடா.

ஆற்றங்கரையில் சுழி ஒரு வேரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதது. “அம்மா, தண்ணீர் என்னைத் தள்ளுகிறது!”

“தள்ளட்டும். நீயும் தள்ளு.”

ஓட்டம் அதை உருட்டிக்கொண்டு போனது. துழாவி பாய்ந்து பிடித்து வந்தது. மறுபடி உருட்டியது. மறுபடி பிடித்து வந்தது. அத்தனைக்கும் நடுவில் துழாவியின் காது மட்டும் தானாகக் குன்றின் பக்கம் திரும்பித் திரும்பி அசைந்தது. தூக்கத்திலும் அசைந்தது.

“யாரும் கூப்பிடவில்லை, அம்மா,” என்றது சுழி.

கடைசியில் ஒரு காலையில் சுழி ஓட்டத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போனது. திரும்பி வரும்போது வாயில் ஓர் அயிரை மீன். விரல் நீளம்கூட இல்லை. துழாவி அதைத் தின்னாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

இருவரும் ஏரிக்குத் திரும்பினார்கள். கலிங்கில் கூழைக்கடா இளைத்துப்போய், கண் சிவந்து நின்றது.

“மழை வந்ததா, தலைவரே?”

“ஒரு சொட்டு இல்லை.”

“கலிங்கு அடைத்துக்கொண்டதா?”

“ஒரு இலைகூட இல்லை.”

“பிறகு ஏன் இப்படி ஆகிவிட்டீர்கள்?”

கூழைக்கடாவின் அலகு தாழ்ந்தது. “நான் ஒன்றுமே செய்யவில்லை, துழாவி. ஆனால் ஒரு கணம்கூட எனக்கென்று இருக்கவில்லை. இத்தனை வருஷம் நீ எப்படியம்மா இருந்தாய்?”

அன்றே கூட்டம் கூடியது. கூழைக்கடா நின்றபடியே பேசியது. “மழை வந்தாலும் வராவிட்டாலும் கலிங்கில் நிற்பவர்க்கு முழுப் பங்கு உண்டு. இனி ஒருவரையே நிற்க வைக்கவும் கூடாது. முறை வைத்து மாறுவோம். முதல் முறை நீர்க்காகத்துக்கு!”

“எனக்கா? எனக்கு மீன் பிடிக்கிற வேலை இருக்கிறதே!”

“கவலைப்படாதே தம்பி!” என்றது தவளை. “அது வெறும் ஓய்வுதானே!”

ஏரியே சிரித்தது. நீர்க்காகமும் கொஞ்சம் சிரித்தது. அது தான் பிடித்ததிலேயே பெரிய மீனைத் துழாவியின் பக்கம் தள்ளிவிட்டு, கலிங்குக் கல்லில் போய் உட்கார்ந்தது.

அந்த மாலை இடி இடித்து மழை கொட்டியது. 'டப் டப்' என்று அலகுச் சத்தம் கேட்டது. துழாவி பதறி எழுந்தது. சுழி அதன் வாலைப் பிடித்துக்கொண்டது.

“இன்றைக்கு உன் முறை இல்லை, அம்மா!”

கலிங்கில் நீர்க்காகம் முட்களை இழுத்துக்கொண்டிருந்தது. கூழைக்கடா அலகு அலகாகச் சருகை அள்ளி வீசியது. துழாவி அதைப் பார்த்தபடியே பொந்தில் மெல்லச் சாய்ந்தது. வெளியே மழை இரைந்தது. அதன் காது அசையவே இல்லை.

தன் விருப்பப்படி எழுந்து போக முடியாத நேரம் ஓய்வாகாது. நமக்காக ஒருவர் காத்திருந்தால் அந்தக் காத்திருப்புக்கும் கூலி உண்டு.