முசுறு சுமந்த குஞ்சு

ஆற்றுக்கு நடுவே ஒரு திட்டு. திட்டில் மாந்தோப்பு. தோப்புக்குள் ஒரு மடம்.

குருவுக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் பூவராகனுக்கு ஐம்பத்தெட்டு. மடத்துக்கு வருமுன் பூவராகன் சாலை போடும் மேஸ்திரியாக இருந்தவர். எல்லாவற்றையும் துறந்தார், அந்த மேஸ்திரிக் குரலைத் தவிர.

ஐப்பசி மழைக்கு எட்டு நாள் இருந்தது. மடத்துக் கூரையைப் பிரித்து வேயும் பொறுப்பு பூவராகனிடம். அன்று பகலில், மாமரத்தடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த குருவின் முன் வந்து நின்றார்.

"சுவாமி, தில்லைநாதனை அனுப்பிவிடலாமா? மாலைப் பரிசலில் ஏற்றிவிடுகிறேன்."

"என்ன செய்தான்?"

"ஒன்றும் செய்யவில்லை. அதுதான் குற்றம். பதினோரு பேர் கீற்று முடைகிறோம். அவன் கீற்றின்மேல் படுத்திருக்கிறான்."

"தூங்குகிறானா?"

"தூங்கினாலும் பரவாயில்லையே! வாயைத் திறந்து ஏதாவது சொல்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள்."

"நீங்களும்?"

பூவராகன் தொண்டையைச் செருமினார். "ஒரே ஒரு தடவை."

"அக்கரையில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?"

"யாருமில்லை. அதற்கு நான் என்ன செய்ய?"

குரு மேலே காட்டினார். தாழ்ந்த கிளையில் முசுறு எறும்புகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்வி, சங்கிலியாகத் தொங்கி, இரண்டு இலைகளின் விளிம்பை இழுத்து நெருக்கின.

"இவர்களல்லவா ஆட்கள்!" என்றார் பூவராகன்.

பிறகு மேஸ்திரிக் கண் ஓரிடத்தில் நின்றது. ஒரு முசுறு மட்டும் இழுக்கவில்லை. அரிசிக் குருணை அளவில் ஒரு வெள்ளைக் குஞ்சைக் கவ்விக்கொண்டு இலைக்கும் இலைக்கும் நடுவே போய்வந்தது. குஞ்சுக்குக் காலில்லை, கண்ணில்லை.

"வேலை நேரத்தில் பிள்ளைக்கு வேடிக்கை காட்டுகிறது, பாருங்கள்!"

"எடுத்துவிடுங்களேன், மேஸ்திரி."

பூவராகன் ஈர்க்குச்சியால் தட்டினார். குஞ்சு புல்லில் விழுந்தது. தூக்கி வந்த முசுறு அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு பழைய கூடு இருந்த கிளைப்பக்கம் போயிற்று.

"உட்காருங்கள்" என்றார் குரு.

இருவரும் உட்கார்ந்தார்கள். ஆற்றின் ஒளி இலைகளின் அடிப்புறத்தில் நெளிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால், மரமே தண்ணீருக்குள் நிற்பது போலவும், தாங்கள் ஆற்றின் அடியில் அமர்ந்து மேலே பார்ப்பது போலவும் தோன்றியது. எங்கோ சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் தண்ணீர் வழியாகவே வந்தது. எவ்வளவு நேரம் போயிற்றென்று பூவராகனுக்குத் தெரியவில்லை.

முசுறுகள் பிடியை விடவில்லை.

"இவை எப்போதுதான் விடும், சுவாமி?"

"தைத்து முடிந்ததும்."

"யார் தைப்பது?"

குரு புல்லைப் பார்த்தார். "குஞ்சின் வாயில்தான் நூல். பெரியவற்றுக்கு நூற்க வராது."

பூவராகன் முழந்தாளிட்டுப் புல்லை விலக்கித் தேடினார். கிடைக்கவில்லை. அப்போது காற்று வந்தது. இலைகள் விசுக்கென்று விரிந்தன. முசுறுகள் பொலபொலவென்று அவர் பிடரியில் உதிர்ந்து கடித்தன. அவர் தட்டிவிடவில்லை.

பிறகு, சாலை போடாத ஒரு குரலில் சொன்னார்: "தில்லைநாதன் இருக்கட்டும். ஆனால் சுவாமி, அவனிடம் என்ன நூல் இருக்கிறது?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாமலா இத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்?"

"முசுறுக்கு மட்டும் தெரியும் என்றா நினைக்கிறீர்கள்?" என்றார் குரு. "தூக்கிக்கொண்டுதானே நடக்கிறது."