கொம்பு பட்ட பந்தும் ஒற்றைப் படகும்

விலங்குகள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வடகடலில் மழை ஓயாத இரண்டு தீவுகள் இருந்தன. பெரிய தீவின் தெற்கே, இங்கிலாந்தில், சிங்கம் வாழ்ந்தது. வடக்கே, ஸ்காட்லாந்தின் மலைகளில், ஒற்றைக்கொம்புக் குதிரை வாழ்ந்தது. மேற்கே, வேல்ஸில், சிவப்பு டிராகனும், அடுத்த தீவின் வடமூலையான வட அயர்லாந்தில் ஒரு மானும் வாழ்ந்தன. நான்குக்கும் நாடு ஒன்றே.

பந்தைக் காலால் உதைத்து விளையாடலாம் என்பதை முதலில் கண்டுகொண்டவை இந்த நான்கும்தாம். வேறு எவருக்கும் அவ்விளையாட்டுத் தெரியாது. ஆகவே, நான்கும் ஒரே அணியாக நின்று, காவலற்ற கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து மகிழ்ந்தன. வானில் செல்லும் நாரைகள் அதைக் கண்டு தேசந்தோறும் செய்தி சொல்லின.

அந்தச் செய்திதான் வினையாயிற்று.

ஒரு மாலை, குதிரை சரிவிலிருந்து பாய்ந்து வந்து அருமையான கோல் அடித்தது. "சிங்கத்தின் அணி கோல் போட்டது!" என்று கூவியபடி நாரைகள் பறந்தன.

குதிரையின் காதுகள் விறைத்தன. "அடித்தவன் நான். பெயர் உனக்கா, அண்ணா?"

சிங்கம் பிடரியைச் சிலிர்த்துக்கொண்டது. "இதிலென்ன, தம்பி? சிங்கம் என்றால் நாம் எல்லாரும்தானே!"

"அப்படியானால், நாளை முதல் குதிரையின் அணி என்று சொல்லச் சொல்."

"அது எப்படி? கேட்பவர்கள் உன்னை மட்டும் என்று நினைத்துவிடுவார்களே!"

அதன்பின் குதிரைக்குப் புல் கசந்தது. சிங்கத்தின் பிடரியைக் காணும்போதெல்லாம் வயிறு எரிந்தது. குளத்து நீரில் தன்னைப் பார்த்து, "இத்தகைய கொம்பு அவனுக்கு உண்டா?" என்று கேட்டுக்கொள்ளும்.

அடுத்த ஆட்டத்திலும் குதிரையே கோல் அடித்தது. அப்போது சிங்கம் மரத்தடியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. "சிங்கம்! சிங்கம்!" என்றன நாரைகள்.

குதிரை தலையைத் தாழ்த்தியது. கொம்பால் பந்தைக் குத்திக் கிழித்தது.

"அட பாவி! இருந்ததே ஒரு பந்து!" என்று அலறியது மான்.

"வேறு பந்து தைத்துக்கொள்கிறேன். இனி உன்னோடு சேர்ந்து ஆடமாட்டேன், அண்ணா. உனக்கு எதிரே ஆடுவேன்."

அப்படியே ஆடியது. இருவருமே கோல் அடிக்கவில்லை. ஆயினும், கம்பத்தைக் காக்க ஒருவர் நின்றபோதுதான் அது ஆட்டமாயிற்று. வேடிக்கை பார்த்த டிராகனுக்கு மூக்கில் புகை வந்தது. "குதிரைக்கு மட்டும் தனி அணியா? எனக்கென்ன குறைச்சல்?" என்றது. "நான் மட்டும் ஓரத்தில் நின்று குளம்பு தட்டவா?" என்று மானும் பிரிந்தது.

பின்னர், பிற தேசத்தாரும் பந்தாடக் கற்று, அவை கூட்டி, "ஒரு நாட்டுக்கு ஓர் அணிதான்" என்றனர். நான்கும் ஒரே குரலில் பதிலளித்தன: "நீங்கள் வருமுன்னரே நாங்கள் நால்வராகி விட்டோமே!" அவையும் நான்கு அணிகளையும் ஏற்றுக்கொண்டது.

சில காலம் கழித்து, தொலைதூரக் கரையில் தீபம் ஏற்றி, ஓட்டத்துக்கும் நீச்சலுக்கும் பெருவிழா எடுத்தார்கள். குதிரை தனியே படகேறித் துடுப்புப் போட்டது. படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. கரையில் சிங்கம் வாய்விட்டுச் சிரித்தது. பிறகு அதுவும் ஏறிப் பார்த்தது. அதன் படகும் சுற்றியது. வேறு வழியின்றி நான்கும் ஒரே படகில் ஏறின.

"யார் பெயரில் போகிறோம்?" என்று குதிரை கேட்டது. சிங்கம் வாய் திறக்குமுன் டிராகன் வாலால் அதைப் பொத்தியது. "தீவின் பெயரில். பிரிட்டன்."

"என் தீவு வேறு. அதன் தெற்கே தனி நாடாக வாழும் என் உறவினரின் படகும் இருக்கிறது, மனம்போல எதிலும் ஏறுவேன்" என்றது மான். மற்ற மூன்றும் அதைப் பொறாமையோடு பார்த்தன.

அன்று முதல்தான், ஒலிம்பிக் விழாவுக்கு ஒரே அணியாகச் செல்லும் பிரிட்டன், கால்பந்தில் நான்கு அணிகளாக நிற்கிறது. அன்று முதல்தான், இங்கிலாந்து தோற்கும் நாளில் வடக்கு மலைகளில் ஒரு கனைப்பொலி எழுகிறது.