வடிவாம்பாளின் கை

இது கோரைத்தீவின் கதை. முடிவில் உங்களை ஒன்று கேட்பேன். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

அந்தத் தீவை அந்நியப் படை பிடித்து வைத்திருந்தது. கடலுக்குப் போகக்கூட அவர்களிடம்தான் அனுமதி கேட்க வேண்டும். வெளியேறச் சொல்லி ஊர் ஓயாமல் முறையிட, தளபதி ஒருநாள், "உங்கள் சபையே முடிவு செய்யட்டும். போகச் சொல்லும் கைகள் அதிகமானால் கப்பலேறுகிறோம்" என்று வாக்குக் கொடுத்தான். படைக்கு மீன் விற்றுப் பிழைக்கும் வீடுகளும் நிறைய உண்டென்று அவனுக்குத் தெரியும்.

சபையில் வீட்டுக்கு ஒரு கை. சாவு விழுந்த வீட்டார் காரியம் முடியும்வரை சபைக்கு வரக்கூடாது. அது ஊர் வழக்கம்.

சபை கூடும் நாள் விடியலில் வடிவாம்பாளின் ஒரே மகன் வலை எடுக்கப் போனான். படையின் காவல் படகிலிருந்து சுட்டுவிட்டார்கள். கரையொதுங்கிய உடலை யாரும் பார்க்குமுன் அவளே இழுத்து வந்து வீட்டுக்குள் கிடத்தினாள். சபைக்கு அழைக்க வந்த ஊர்த்தலைவர் சிங்காரம் அதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அழுதுடும்மா."

"இப்ப அழுதா என் கை போயிடும் மாமா. கையத் தூக்கிட்டு வந்து அழுவுறேன்."

சபையில் கைகளை எண்ணியபோது, படை போக வேண்டும் என்ற பக்கம் ஒரே ஒரு கை அதிகம். தளபதி எழுந்தான். "வடிவாம்பாள் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. உங்கள் வழக்கப்படி அவள் கை செல்லாது."

அதுவரை சபையில் பொய் சொல்லியறியாத சிங்காரம் சொன்னார்: "அவ வீட்ல சாவு எதுவும் இல்ல. பையன் வெளியூர் போயிருக்கான்."

தையல் என்ற மீன்காரியும் அவனை விடவில்லை. "ஊருக்கே தெரியாத சாவு ஒனக்கு மட்டும் எப்படித் தெரியும், தொர?"

சுட்டது தன் படைதான் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல், தளபதி கப்பல்களைத் தயார் செய்யச் சொன்னான். படை மூட்டை கட்டத் தொடங்கியது. வடிவாம்பாள் மகனைக் கொல்லையில் பறையில்லாமல், சங்கில்லாமல் புதைத்தாள். கடைசிக் கப்பல் மறையும்வரை, "பையன் எப்ப வருவான்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "வருவான்" என்றாள்.

மகனின் சாவை மறைத்துக் கை தூக்கிய தாய், பொய் சொன்ன தலைவர், உண்மையைச் சொன்ன தளபதி. இதில் யார் செய்தது சரி?

விடை: தளபதிதான் என்று சொல்பவர்களோடு சண்டை போட நான் தயார். நுழைந்தபோது ஒரு கையையும் கேட்காதவன், தானே உண்டாக்கிய சாவைக் காட்டி வழக்கம் பேசுவானா? அவனை விடுங்கள். தாய் செய்ததுதான் சரி. துக்கத்தில் இருப்பவரைச் சபை தொல்லை செய்யக்கூடாது என்றுதான் அந்த வழக்கம். அவர் வாயை அடைக்க அல்ல. தவறியவர் சிங்காரம். வழக்கம் சபையுடையது. "இவள் கையை எண்ணலாமா?" என்று சபையையே அவர் கேட்டிருக்க வேண்டும். தோற்றிருப்பார்களே என்பீர்கள். அவள் முகத்தைப் பார்த்து 'செல்லாது' என்று சொல்ல அங்கே எத்தனை பேருக்கு மனம் வந்திருக்கும்? தெரியாது. அவர் கேட்கவில்லை.