கொக்குப்பாறைக்குப் போன நாலு பைகள்

கூழாங்குறிச்சி ராஜாவுக்கும் படை இருந்தது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பத்துப் பேர் கொக்குப்பாறை மலைக்கோட்டையைக் காத்தார்கள். மீதி நாலு பேர் அரண்மனையில் ராஜாவைக் காத்தார்கள். ராஜாவைத் தூக்கிக்கொண்டு போகும் உத்தேசம் யாருக்கும் இல்லாததால் அந்த நாலு பேருக்கும் உடம்பு நன்றாகத் தேறியிருந்தது. அவர்களுக்குத் தலைவன் ஒச்சு.

ஒரு நாள் காலையில் கோட்டையிலிருந்து சேதி வந்தது. "அரிசி தீர்ந்து மூணு நாளாச்சு. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள எவன் சோறு கொண்டாந்தாலும் அவனுக்குக் கதவைத் திறந்துருவோம்." மலைக்கு அந்தப் பக்கம் பனையடி ராஜாவின் படை கூடாரம் போட்டு, கோட்டைக்காரர்களின் மூக்குக்கு நேராகக் கறிக்குழம்பு கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தது.

ராஜா ஒச்சுவைக் கூப்பிட்டார். "பொழுது சாயறதுக்குள்ள சோறு போய்ச் சேரணும். கோட்டை கைமாறிச்சுன்னா உன் தலையை எடுத்துருவேன்."

ஒச்சு தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இருப்பது ஒரே தலை. போன மாதம்தான் அதில் மீசையை முறுக்கப் பழகியிருந்தான்.

நல்லவேளையாக, சீமையிலிருந்து புது மாதிரிப் படைப்பைகள் நாலு அன்றுதான் வந்து இறங்கியிருந்தன. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டான நிறம். மேலெல்லாம் சின்னச் சின்ன அறைகள், கொக்கிகள். தோளுக்கு இரண்டு வார், இடுப்புக்கு ஒன்று, நெஞ்சுக்கு நேராகச் சிவப்பில் ஒன்று. கொண்டுவந்த வியாபாரி விளக்கம் சொன்னான்.

"இருக்கறதுல கனமானது எதுவோ அதை முதுகை ஒட்டி வைக்கணும். ஆபத்துன்னா சிவப்பு வாரை இழுங்க, பை தானாக் கழண்டு விழுந்துரும். இன்னொண்ணு, புதருக்குள்ள கிடந்தா இந்தப் பை எதிரி கண்ணுக்குத் தெரியாது."

நாலு பேரும் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி மனப்பாடம் பண்ணினார்கள். பிறகு புளிச்சோற்றைப் பைகளில் அடைத்தார்கள். படையிலேயே மூளைக்காரன் என்று பெயரெடுத்த இருளாண்டிக்கு அப்போது சந்தேகம் வந்தது.

"அண்ணே, இருக்கறதுல கனமானது எது?"

ஒச்சு சோற்றைப் பார்த்தான், தண்ணீர்க்குடுவையைப் பார்த்தான், கடைசியில் மொக்கையனைப் பார்த்தான். மொக்கையன் மூன்று ஆள் கனம்.

"நம்ம மொக்கையன்தான்."

"அப்ப அவனைத்தான் முதுகை ஒட்டி வைக்கணும்."

"என் முதுகை ஒட்டி யாரை வைப்பீங்க?" என்று மொக்கையன் கேட்டான்.

"நீ கனம்டா. கனத்துக்கு ஏது முதுகு?" என்று ஒச்சு அடக்கிவிட்டான்.

நாலாவது ஆளான சங்கிலியின் முதுகில் மொக்கையனை வைத்து, அவன் மேல் பையைப் போட்டு, வார்களை இறுக்கிக் கட்டினார்கள். சங்கிலி பத்தடி நடந்தான். பிறகு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "பையில ஒரு குறையுமில்லண்ணே, பிரமாதமான பை" என்று மண்ணுக்குள்ளிருந்து சொன்னான். அப்புறம் ஆளுக்குக் கொஞ்ச தூரம் மொக்கையனைச் சுமந்தார்கள். பாதி மலை ஏறுவதற்குள் உச்சி வெயில் மேற்கே சரிந்துவிட்டது. ஒச்சு சூரியனைப் பார்ப்பதும் கழுத்தைத் தடவுவதுமாக வந்தான்.

அந்த நேரத்தில் வழியில் ஒரு வெள்ளாடு வந்து நின்றது.

"இது ஆபத்தா?" என்று சங்கிலி கேட்டான்.

"கொம்பு இருக்கே" என்றான் இருளாண்டி.

"கோவமா இருக்கா?"

"சொல்ல முடியாது. எங்க மாமனாரும் அடிக்கிறதுக்கு முன்னால இப்படித்தான் அசை போட்டுக்கிட்டே பாப்பாரு."

அதற்கு மேல் யோசிப்பது புத்தியில்லை என்று நாலு பேரும் சிவப்பு வாரை இழுத்தார்கள். நாலு பையும் மொக்கையனும் சரிவில் உருண்டு பெரிய புதருக்குள் போய் விழுந்தார்கள். ஆடு தன் வேலையைப் பார்க்கப் போனது.

மொக்கையன் ஏறி வந்துவிட்டான். பைகளைத்தான் காணோம். இலையோடு இலையாக, மண்ணோடு மண்ணாக எங்கேயோ கிடந்தன. நாலு பேரும் தேடித் தேடிக் கை காலெல்லாம் முள் கீறியதுதான் மிச்சம். இருளாண்டி முகம் வெளுத்துப்போய் நிமிர்ந்தான்.

"அண்ணே, புதருக்குள்ள கிடந்தா இந்தப் பை யாரு கண்ணுக்குத் தெரியாதுன்னான்?"

"எதிரி கண்ணுக்கு."

"உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

ஒச்சு வெகுநேரம் உற்றுப் பார்த்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். "தெரியலடா."

"எனக்கும் தெரியல" என்றான் சங்கிலி. "எனக்கும்தான்" என்றான் மொக்கையன்.

"அப்ப நாமதான் எதிரி" என்றான் இருளாண்டி. "இத்தனை வருசமா நமக்கே தெரியாம இருந்திருக்கு, பாருங்க."

ஒச்சு கேவிக் கேவி அழுதான். உப்பிட்ட ராஜாவுக்கு இப்படித் துரோகம் பண்ணிவிட்டோமே என்று அவனுக்குத் தாங்கவில்லை. ஆனாலும் எதிரி என்று ஆன பிறகு கூழாங்குறிச்சி மலையில் நிற்பது முறையில்லை. எழுந்து பனையடிக் கூடாரத்துக்குப் போனார்கள்.

அங்கே சமையற்காரன் இவர்களைக் கூலியாட்கள் என்று நினைத்துக்கொண்டான். "எங்கய்யா போய்த் தொலைஞ்சீங்க? இந்த நாலு குண்டான் கறிச்சோத்தையும் கோட்டைக்குத் தூக்கிட்டுப் போங்க. கதவைத் திறந்ததும் கொம்பை ஊதுங்க, நம்ம படை உள்ள பாய்ஞ்சுரும்."

கொம்பைக் கொடுக்க அவன் மறந்துவிட்டான். இவர்களும் கேட்கவில்லை, கேட்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. பொழுது சாய்வதற்கு ஒரு நாழிகை முன்னால் கோட்டைக் கதவு திறந்தது. பத்துக் காவலர்களும் சோற்றின் மேல் விழுந்தார்கள். ஈ வருகிறது என்று கதவையும் சாத்திவிட்டார்கள். பனையடிப் படை கொம்புச் சத்தத்துக்குக் காத்திருந்து காத்திருந்து, ஒரு வாரம் கழித்து ஊர் போய்ச் சேர்ந்தது.

காவலர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒச்சு தொண்டையைச் செருமினான். "நாங்க எதிரி. கோட்டையைப் பிடிச்சுட்டோம்."

"ரொம்ப சந்தோசம், பிடிச்சுக்கங்க" என்றார் காவலர் தலைவர், எலும்பை உறிஞ்சிக்கொண்டே.

மறுநாள் சேதி ராஜாவுக்குப் போனது. கோட்டையை எதிரி ஒச்சு பிடித்துவிட்டான் என்று கேட்டதும் ராஜா ஆத்திரத்தில் துள்ளிக் குதித்தார். "கூப்பிடு நம்ம படைத்தலைவனை! அந்த எதிரியோட தலையைக் கொண்டாந்து என் முன்னால வைக்கச் சொல்லு. ஆயிரம் பொன் பரிசு!"

கூழாங்குறிச்சியின் படைத்தலைவனும் ஒச்சுதான். கட்டளையைக் கேட்டதும் அவன் ஒரு நொடி தாமதிக்கவில்லை. குளித்து, மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு அரண்மனைக்கு வந்து, ராஜாவின் முன்னால் மண்டியிட்டுத் தலையை நீட்டினான்.

"கொண்டாந்துட்டேன் ராசா. கீறல் படாம, அப்படியே கழுத்தோட."

ராஜா அவன் முகவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அவனேதான்" என்று சொல்லிவிட்டு, பரிசைக் கொடுத்தார்.