கதவைத் திறந்த கை

பரஞ்சோதிக்குத் துணி தேய்க்கிற தொழில். காலையில் சைக்கிளில் வீடு வீடாகப் போய்த் துணி எடுத்து வருவார். பொழுது சாய்வதற்குள் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். வெள்ளிக்கிழமை மட்டும் மத்தியானமே கரியை அணைத்துவிட்டு, ஊருக்கு வடக்கே இருந்த மடத்துக்குக் கிளம்பிவிடுவார்.

அங்கே அம்பலவாணர் இருந்தார். பரஞ்சோதியைவிட வயதில் சற்று இளையவர். அதிகம் பேசமாட்டார். அவர் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் நெஞ்சுக்குள் அலசிக் காயப்போட்ட மாதிரி இருக்கும் என்பார் பரஞ்சோதி. அவரைத்தான் குருவாக வரித்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமையும் சைக்கிளில் மடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். கடைத்தெருவில் ஒரு கார் ஓரமாக நின்றது. அவர் அதைத் தாண்டும்போது பின்கதவு சட்டென்று திறந்தது. கதவில் மோதி நடுரோட்டில் விழுந்தார். பின்னால் வந்த லாரி அவருடைய வலது கைமேல் ஏறியது. நினைவு தப்புமுன் காரிலிருந்து ஒரு காவி வேட்டி இறங்குவதைப் பார்த்தார். நிமிர்ந்து முகத்தையும் பார்த்தார்.

அம்பலவாணர்.

ஆஸ்பத்திரியில் கையை எடுத்துவிட்டார்கள். தோளுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை.

போலீஸ் வருவதற்கு முன்பே தர்மலிங்கம் வந்தார். அரிசி ஆலை முதலாளி. கார் அவருடையது. மடத்துக்கு வேண்டிய செலவெல்லாம் அவருடையது. கட்டிலோரம் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினார். நடந்தது நடந்துவிட்டது, ஊழ்வினையை யார் தடுக்க முடியும், குருவின் பேர் ஸ்டேஷன், கோர்ட் என்று அடிபட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும் என்று கேட்டார். குடும்பத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

தலை சுற்றித் தானே விழுந்ததாகப் பரஞ்சோதி வாக்குமூலம் கொடுத்தார். இடது கைப் பெருவிரலைப் பிடித்து ரேகை எடுத்துக்கொண்டார்கள். அத்தனை வலியிலும் அவருக்குள் ஒரு நிறைவு இருந்தது. குருவுக்குக் கொடுக்கத் தன்னிடமும் ஏதோ இருந்ததே என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த நிறைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. இடது கையால் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். வாத்தியார் ஒருவரின் வெள்ளைச் சட்டை முதுகில் தீய்ந்துபோனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் துணியும் போடவில்லை. மற்ற வீடுகளும் அப்படித்தான், கோபமில்லாமலே நின்றன. தர்மலிங்கம் இரண்டு மூட்டை அரிசி அனுப்பினார். அப்புறம் அதுவும் நின்றது. மனைவி செல்லக்கனி பாத்திரம் தேய்க்கப் போனாள். இல்லாத விரல்களில் அரிப்பெடுக்கும்போது பரஞ்சோதி காற்றைச் சொறிந்தார்.

ஒருநாள் சோற்றைப் பிசைந்து அவர் பக்கம் நகர்த்திய செல்லக்கனி, நிமிராமலே சொன்னாள்.

"கையைக் குடுத்தது நீங்க. அதுக்குப் பதிலா வேலை பாக்குறது நான்."



மறு வெள்ளிக்கிழமை மடத்துக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். கையே போனாலும் குருவைக் காட்டிக்கொடுக்காத மனிதர் என்று தர்மலிங்கம் புதிதாக வந்தவர்களிடம் அவரைக் காட்டினார். சிலர் அவரைக் கும்பிடவும் செய்தார்கள். அம்பலவாணர் தலை குனிந்தபடி இருந்தார்.

கூட்டம் கலைந்ததும் பரஞ்சோதி அவர் முன்னால் உட்கார்ந்தார்.

"ஐயா, நஷ்டஈடு கேட்டு கேஸ் போடச் சொல்றா வீட்டுல. போட்டா, நான் உங்க சீடன் இல்லைன்னு ஆயிருமா?"



"கதவைத் திறந்தது யாரு?" என்று கேட்டார் அம்பலவாணர்.

"என் வினை, ஐயா."

"வினைக்குக் கை உண்டா?"

"இல்லை."

"அப்போ எந்தக் கை திறந்துச்சு?"

அம்பலவாணர் தன் வலது கையை அவர் முன்னால் நீட்டினார்.

"இந்தக் கை. பின்னால யாரு வர்றான்னு பார்க்காமத் திறந்துச்சு. தலை சுத்தி விழுந்ததா நீங்களே சொன்னீங்க. அது எனக்கு வசதியா இருந்துச்சு. பேசாம இருந்துட்டேன். எந்திரிங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்."

இருவரும் நடந்தே போனார்கள்.

வழக்கு நெடுநாள் இழுத்தது. காரின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் பழைய வாக்குமூலத்தைக் காட்டிப் பரஞ்சோதியைக் குடைந்தெடுத்தார். அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா என்றார். அன்றைக்குச் சொன்னதுதான் பொய் என்று பரஞ்சோதி சொன்னார். சொல்லும்போது கூண்டின் கம்பியை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார்.

அடுத்து அம்பலவாணர் ஏறினார். சீடர்மேல் உள்ள இரக்கத்தால் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாரா என்று வக்கீல் கேட்டார்.

"இரக்கம் இருந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்" என்றார் அம்பலவாணர்.

தீர்ப்பு வந்தது. முதலில் பொய் சொன்னதற்காகப் பரஞ்சோதியைக் கண்டித்துவிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றார் நீதிபதி. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடன் அதில் அடைந்தது. ஆனாலும் செல்லக்கனி இரண்டு வீடுகளுக்கு வேலைக்குப் போகத்தான் வேண்டியிருந்தது.

மடம் அதற்கு முன்பே பூட்டிக் கிடந்தது. வழக்குத் தொடங்கிய மாதமே தர்மலிங்கம் கையை விரித்துவிட்டார். அவர் பின்னால் மற்றவர்களும் போய்விட்டார்கள். வேறொரு ஊரில் வேறொரு சாமியார் கிடைத்துவிட்டதாகப் பேச்சு.

தீர்ப்பன்று அம்பலவாணர் தனியாகத்தான் வந்திருந்தார். கோர்ட்டு வாசலைத் தாண்டிப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவர் நடக்க, பரஞ்சோதி பின்னாலேயே ஓடிப்போய்க் காலில் விழக் குனிந்தார். ஒற்றைக் கையை ஊன்ற முடியாமல் தடுமாறிச் சாய்ந்தார். அம்பலவாணர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னாலதான் உங்க பேரு போச்சு, மடமும் போச்சு. என்னை மன்னிச்சிருங்க, ஐயா."

அம்பலவாணர் பிடித்த தோளை விடவில்லை. அதற்குக் கீழே சட்டைக் கை வெறுமனே தொங்கியது.

"கை போனது உங்களுக்கு. மன்னிப்பையும் நீங்களே கேட்டுட்டா, நான் எதைக் கேக்க?"