பிடி தளர்ந்த தென்கடல்

கடலும் கரையும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், பூமி தன்மேல் இருந்த எல்லாவற்றையும் ஒரே அளவாகப் பிடித்து வைத்திருந்தது. வடகோடியில் ஒரு கல் என்ன கனமோ, தென்கடலிலும் அதே கனம்தான்.

குமரிக்குத் தெற்கே, நடுக்கடலில், கருமுதுகி என்றொரு திமிங்கிலம் தன் குட்டியோடு வாழ்ந்து வந்தது. ஒரு நாள் கடலடி மலை சரிந்து, பெரிய பாறையொன்று குட்டியின் வாலை அமுக்கிவிட்டது. திமிங்கிலத்தால் நீருக்குள் மூச்சுவிட முடியாது; மேலே வந்தாக வேண்டும். கருமுதுகி பாறையைத் தலையால் முட்டிப் பார்த்தது. நெற்றி கிழிந்ததே தவிரப் பாறை அசையவில்லை. குட்டி விட்ட குமிழிகள் குறைந்துகொண்டே வந்தன.

கருமுதுகி பூமியிடம் கெஞ்சியது. "இந்தப் பாறையை நீதானே இழுத்துப் பிடித்திருக்கிறாய். கொஞ்சம் விட்டுக்கொடு."

பூமி தயங்கியது. ஓரிடத்தில் பிடியைத் தளர்த்தினால் இன்னோரிடத்தில் இறுக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் காற்றுகூடத் தன்னிடம் தங்காது என்றது. அந்தக் கூடுதல் பாரத்தை யார் சுமப்பீர்கள் என்று எல்லா உயிர்களையும் கேட்டது. யானைகள் தங்கள் உடம்பே போதும் என்றன. மரங்கள் கிளை முறிந்துவிடும் என்றன. பறவைகள் சிறகை விரித்துப் பறந்து போய்விட்டன.

குட்டியிடமிருந்து ஒரு குமிழி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

அப்போது வடகோடியிலிருந்து ஒரு வெள்ளைக் கரடி பேசியது. முந்தின குளிர்காலத்தில்தான் அதன் குட்டி பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிச் செத்திருந்தது.

"எங்கள் பக்கம் இறுக்கிக்கொள்," என்றது கரடி. "நடக்கச் சிரமமாகத்தான் இருக்கும். எப்படியாவது நடந்து சமாளிக்கிறோம்."

பூமி தென்கடலில் பிடியைத் தளர்த்தியது. வடக்கே கரடியின் கால்கள் பனியில் அழுந்தின. தெற்கே பிடி தளர்ந்த தண்ணீர் நாலாபுறமும் விலகி ஓட, கடல் பள்ளமாகத் தாழ்ந்தது. கருமுதுகி கிழிந்த நெற்றியால் மறுபடியும் முட்டியது. பாறை ஆடியது; புரண்டது. குட்டியை முதுகில் தாங்கிக்கொண்டு அது மேலே பாய்ந்தது. கடல் தாழ்ந்திருந்ததால் போக வேண்டிய தூரமும் குறைந்திருந்தது.

மேலே வந்தும் குட்டி அசையவில்லை. கருமுதுகி அதை மூக்கால் தட்டிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து, குட்டியின் தலையிலிருந்து மூச்சு மெல்ல வெளியே வந்தது.

பூமி பழையபடி பிடியை இறுக்கப் போனது. கரடி தடுத்தது. "அந்தக் கடலில் இன்னும் எத்தனையோ குட்டிகள் இருக்கும். அப்படியே விட்டுவிடு."

அன்றிலிருந்துதான் ஒரே கல் வடகோடியில் இம்மி கூடுதலாகவும், குமரிக்குத் தெற்கே இம்மி குறைவாகவும் கனக்கிறது. அந்தக் கடலும் பள்ளமாகவே கிடக்கிறது.